மெயின்ரோட்டுப் பக்கம் கார் கேட் வைக்கப் போகிறீர்களா?

நம்மூரில் சில வருடங்களாக ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறோம். தெருவைப் பார்த்துத் தலைவாசல் உள்ள பழைய வீடு. கொல்லை மட்டும் பின்னால் நீண்டு மெயின்ரோட்டில் போய் முடியும். வீட்டுக்குக் கார் வந்துவிட்டது. தெருவோ, எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். ஆகவே கொல்லைச் சுவரை உடைத்து ரோட்டுப் பக்கம் பன்னிரண்டடி அகலத்தில் ஓர் இரும்பு கேட் வைக்கிறோம். வெளிநாட்டிலிருந்து ஒரு மாத லீவில் வந்தவர் திரும்புவதற்குள் முடிய வேண்டும் என்பதால் கொத்தனாரும் வெல்டரும் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கொல்லை எங்களுடையது. கேட் வைத்து நான்கு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. ஐப்பசி மழை வந்தது. ஓர் இரவில் பக்கத்து வீட்டு காக்காவின் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, அடுப்படிக்குள்ளும் ஏறிவிட்டது. நாற்பது வருடமாக அந்த வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்ததில்லை. டார்ச் லைட்டோடு காக்காவும் அவர் மகனும் ரோட்டோர வடிகாலைத் துழாவிக்கொண்டே வந்து நின்ற இடம் எங்கள் புது கேட்டின் முன்னால். ராம்புக்கு அடியில் கொத்தனார் போட்டிருந்த இரண்டு ஆறங்குலக் குழாய்களும் பிளாஸ்டிக் பையும் தென்னை மட்டையும் அடைத்துக் கிடந்தன. காக்கா கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. “தம்பி, விடிஞ்சதும் உடைச்சிடுவோமா?” என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால்கூட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உடைத்தோம். பிறகு மறுபடி கட்டுவதற்கு முன்னால்தான், முதல் தடவையே விசாரித்திருக்க வேண்டியதையெல்லாம் விசாரித்தோம். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று அவற்றை இங்கே எழுதுகிறோம்.

அந்தத் துண்டு யாருடையது?

கேட்டை நம் சுவரில்தான் வைக்கிறோம். ஆனால் சுவருக்கும் தாருக்கும் நடுவில் ஒரு துண்டு மண் இருக்கிறதே, ஐந்தடியோ பத்தடியோ, அது நம்முடையதல்ல. அனேகமாக அது சாலைப் புறம்போக்கு. வடிகால், மின்கம்பம், தண்ணீர்க் குழாய், கேபிள், நடந்து போகிறவர்கள் எல்லாம் அந்தத் துண்டில்தான். நம் கார் தினமும் ஏறி இறங்கப் போவதும் அதில்தான். கேட் வைப்பதில் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு சுவருக்கு வெளியே இருக்கிறது. நாமோ கேட்டின் டிசைனுக்கே பத்து நாள் யோசிக்கிறோம்.

எல்லை எங்கே என்று பார்க்க எஃப்எம்பி எனப்படும் புலப்பட நகல் வேண்டும். சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் தெரிந்தால் இணையத்திலேயே எடுக்கலாம், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை. பழைய புலப்படங்களில் உள்ள அளவுகள் அடியும் அல்ல, மீட்டரும் அல்ல. அவை லிங்க்ஸ் கணக்கு. 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. படத்தில் 30 என்று இருந்தால் அது ஏறக்குறைய 20 அடிதான். நாங்கள் அதை 30 அடி என்று படித்துவிட்டு, ரோட்டுத் துண்டில் பாதி எங்களுடையது என்று சில நாள் நம்பிக்கொண்டிருந்தோம். நில அளவர் வந்து கல்லைக் காட்டிய பிறகுதான், எங்கள் சுவரே எல்லையில் சரியாக நிற்கிறது, அதற்கு அப்பால் ஓர் அங்குலமும் நமக்கில்லை என்று தெரிந்தது.

அடுத்து, ரோடு யாருடையது என்று பார்க்க வேண்டும். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இதையும் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் சாலைகள் கை மாறுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை முன்பு மாநில நெடுஞ்சாலை 49 என்றே அறியப்பட்டது, பிற்பாடு அதன் பல பகுதிகள் தேசிய நெடுஞ்சாலையாகின. ஊருக்குள் செல்லும் கிளை ரோடுகள் நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தமாக இருக்கும்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் சட்டம் கடுமையானது. 2002ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி, நெடுஞ்சாலை நிர்வாகம் பொதுவாகவோ தனிப்படவோ அனுமதித்தால் ஒழிய, வாகனத்தோடு அந்தச் சாலைக்குள் நுழையும் உரிமை யாருக்கும் கிடையாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டமாக நடந்து நுழைவதற்கும் அதே கட்டுப்பாடு. அனுமதி பெறும் முறை 29ஆவது பிரிவில் வருகிறது. பெட்ரோல் பங்க், தனியார் இடங்கள் முதலியவற்றுக்கு வழி கொடுப்பது பற்றி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020இல் விரிவான வழிகாட்டுதலும் வெளியிட்டது. மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். அங்கே நாம் அணுக வேண்டியது நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தை. அவர் வழியாகக் கோட்டப் பொறியாளருக்குப் போகும்.

இதற்கு நம்மவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: “ரோட்டை ஒட்டி நிலம் இருந்தால் ரோட்டில் இறங்க உரிமை உண்டு, யாரிடம் கேட்க வேண்டும்?” அதில் பாதி சரி. சாலையை ஒட்டிய நிலத்துக்காரருக்கு அந்தச் சாலையை அடையும் உரிமை உண்டு என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட கொள்கைதான். ஆனால் சாலையை அடையும் உரிமை வேறு, சாலை நிலத்தில் சிமெண்டைக் கொட்டிக் கட்டும் உரிமை வேறு. இரண்டாவது நமக்குக் கிடையாது. அதையும், வாகனத்துக்கு எங்கே எப்படி வழி என்பதையும் சாலைக்குப் பொறுப்பானவர்கள் முறைப்படுத்தலாம். ஊரில் பத்து வீட்டுக்காரர்கள் கேட்காமல் கட்டியிருப்பதால் பதினொன்றாவதற்கு அனுமதி வந்துவிடாது. ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் பதினொன்றும் ஒன்றாகத்தான் போகும்.

எங்கள் இரண்டாவது மனுவோடு பட்டா, எஃப்எம்பி நகல், ஒரு வரைபடம் மூன்றையும் கொடுத்தோம். கேட்டின் அகலம், வடிகாலை எப்படிக் கடக்கிறோம், பக்கத்து முக்கும் பேருந்து நிறுத்தமும் எத்தனை மீட்டர், மின்கம்பம் எங்கே என்பதெல்லாம் வரைபடத்தில் இருந்தது. பொறியாளர் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் பேசினார். நாள் பிடித்தது, உண்மைதான். லீவில் வந்தவரின் ஒரு மாதத்துக்குள் இது நடக்காது. வேலையை ஊரில் இருப்பவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவதே நல்லது.

குடையும் பிளாஸ்டிக் நாற்காலியும்

தண்ணீர் ஒருவர் வீட்டைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத கேட் ஓர் உயிரையே எடுத்துவிடும். எங்கள் முதல் கேட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது அல்லாஹ்வின் கிருபைதான். நாங்கள் கவனமாகக் கட்டியதால் அல்ல.

காரணம் இது. டிரைவரின் கண் காரின் முன் பம்பரிலிருந்து இரண்டு முதல் இரண்டரை மீட்டர் பின்னால் இருக்கிறது. சுவருக்கும் தாருக்கும் நடுவில் ஐந்தடிதான் என்றால், காரின் மூக்கு தார் விளிம்பைத் தொடும்போதும் டிரைவரின் கண் சுவருக்கு உள்ளேயேதான். இருபுறமும் ஏழடிச் சுவர். அவருக்குத் தெரிவது எதிர்ச்சாரியும் நேர் முன்னால் உள்ள ரோடும் மட்டுமே.

இதைச் சோதிக்க இஞ்சினியர் வேண்டாம். தார் விளிம்பிலிருந்து இரண்டரை மீட்டர் உள்ளே தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஒருவர் உட்காருங்கள். இன்னொருவர் மடக்கிய குடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்து போகட்டும். குடை எங்கே மறைகிறதோ அதுவரைதான் டிரைவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சுபுஹுக்குப் பிறகு வாகனம் குறைந்த நேரத்தில் செய்து பார்த்தோம். குடை ஏழாவது மீட்டரில் மறைந்தது. வலப்பக்கமும் அதே கதைதான்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்? இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த கணக்கு இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி பார்த்து நிற்க 45 மீட்டர் வேண்டும். 50 என்றால் 60 மீட்டர், 60 என்றால் 80 மீட்டர், 80 என்றால் 120 மீட்டர். இத்தனை தூரமா என்று தோன்றும். ஓட்டுநர் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைப்பதற்கு இரண்டரை விநாடி என்று வைத்துக்கொள்கிறார்கள். 60இல் வரும் பேருந்து அந்த இரண்டரை விநாடியிலேயே 42 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடிப்பதே அதற்குப் பிறகுதான். ஊருக்குள் எல்லோரும் 40இல்தானே வருவார்கள் என்று சொல்ல வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு நம் ரோட்டில் ஆம்னி பேருந்து எந்த வேகத்தில் போகிறது என்று நமக்குத் தெரியும்.

ஏழு மீட்டர் எங்கே, எண்பது மீட்டர் எங்கே. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் இன்னும் மோசம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, பாதி ரோட்டைக் கடந்து, மறுபுறம் சேர எங்களுக்கு ஆறு விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தோம். 60இல் வரும் வண்டி அந்த ஆறு விநாடியில் 100 மீட்டரை முடித்துவிடும்.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. துண்டு எட்டு, எட்டரை அடிக்கு மேல் அகலமாக இருந்தால் மூக்கு தாரைத் தொடுவதற்குள் கண் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிடும், சுவரால் பெரிய தொல்லையில்லை. துண்டு குறுகலாக இருந்தால் சுவரைத்தான் குறைக்க வேண்டும். கேட்டின் இருபுறமும் இரண்டடி உயரத்துக்குக் கட்டு, அதற்கு மேல் வெளிச்சம் போகிற மாதிரி கம்பி கிராதி. கிராதியில் தகரமோ பச்சை வலையோ அடித்தால் செய்த செலவு வீண். எங்கள் ஐந்தடித் துண்டுக்கு 80 மீட்டர் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பக்கமும் இருபது மீட்டருக்கு மேல் சுவர் தணிய வேண்டும் என்று கணக்கு வந்தது. எங்கள் சுவரின் மொத்த நீளமே 12 மீட்டர். மீதி காக்காவின் சுவர். நாம் எவ்வளவு பணம் செலவழித்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் இந்த ரோட்டில் பாதுகாப்பாக ஒரு கேட் வைக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

குவிகண்ணாடி மாட்டலாமே என்று பலர் சொன்னார்கள். மாட்டலாம், கெடுதல் இல்லை. ஆனால் அதில் வண்டி சிறிதாகவும் தூரத்தில் இருப்பதாகவும் தெரியும், வேகம் பிடிபடாது. மழையில் ஒன்றுமே தெரியாது. சுவரைத் தணிப்பதற்கு அது மாற்று அல்ல.

பின்னால் எடுத்துக்கொண்டே மெயின்ரோட்டில் இறங்குவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். முன்பக்கமாக வரும்போதே ஏழு மீட்டர் என்றால், ரிவர்ஸில் பார்த்து வருவது அதைவிடவும் சிரமம். கொல்லைக்குள்ளேயே காரைத் திருப்ப இடம் ஒதுக்குங்கள். இடமே இல்லாவிட்டால், உள்ளே போகும்போது ரிவர்ஸில் போய், வெளியே வரும்போது நேராக வாருங்கள். முதலாவதும் தொல்லைதான், ஆனால் வண்டி ரோட்டில் நிற்பது மற்றவர்களுக்குத் தெரிகிறது.

கேட்டைச் சுவர் வரிசையில் வைக்காமல் உள்ளே தள்ளி வைப்பதும் முக்கியம். குறைந்தது 5 மீட்டர். நம்மூர்க் கார்களில் பெரும்பாலானவை 4 மீட்டர் சுற்றளவில் நீளம் உள்ளவை. மழையில் இறங்கிப் பூட்டைத் திறக்கும்வரை வண்டி முழுவதும் ரோட்டைவிட்டு விலகி நிற்க அந்த இடம் தேவை. முதல் கேட்டில் எங்களுக்கு அது இல்லை. வாப்பா இறங்கிப் பூட்டைத் திறக்கும் வரை காரின் பின்பாதி ரோட்டில் நிற்கும், பின்னால் வருபவர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருப்பார். கதவு உள்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளு கதவாக இருக்க வேண்டும். வெளியே திறக்கும் கேட் நடந்து போகும் பிள்ளையின் முகத்தில் அடிக்கும். இப்படி உள்ளே தள்ளியதில் உம்மாவின் முருங்கை மரம் போயிற்று. அந்தப் பேச்சு இன்னும் வீட்டில் ஓயவில்லை.

நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச் சாலை என்றால் கேட்டிலிருந்து இடது பக்கம் மட்டுமே போக முடியும். நமக்காகத் தடுப்பைத் திறந்துவிட மாட்டார்கள். அடுத்த திருப்பம்வரை போய்த்தான் வர வேண்டும். இருநூறு மீட்டர்தானே என்று எதிர்த்திசையில் ஓட்டும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சுற்றைத் தினமும் சுற்றப் பொறுமை இல்லை என்றால் அந்த கேட்டே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

தண்ணீரின் கணக்கு

எங்கள் ரோட்டோர வடிகால் 60 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். அதாவது 3,600 சதுர சென்டிமீட்டர் வழி. கொத்தனார் போட்ட ஆறங்குலக் குழாய் இரண்டும் சேர்ந்து சுமார் 350 சதுர சென்டிமீட்டர். பத்தில் ஒரு பங்கு! வடிகால் கட்டியவர்கள் பத்துப் பங்கு தண்ணீருக்குக் கட்டினார்கள், நாங்கள் ஒன்பது பங்கை அடைத்துவிட்டோம். பன்னிரண்டங்குலக் குழாய் ஒன்று போட்டிருந்தாலும் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும். இரண்டடி விட்டமுள்ள சிமெண்ட் குழாய் போட்டால்தான் ஐந்தில் நாலு பங்காவது மிஞ்சும், அதுவும் உள்ளே குப்பை சேராமல் இருந்தால்.

குழாயின் பெரிய குறை அளவு மட்டுமல்ல. அடைத்தால் வெளியிலிருந்து தெரியாது, குத்தி எடுக்கவும் முடியாது. ஆகவே குழாயே வேண்டாம், வடிகாலின் இரண்டு சுவரையும் அப்படியே விட்டு, மேலே கழற்றக்கூடிய காங்கிரீட் மூடிகளைப் போடுங்கள் என்று பொறியாளர் சொன்னார். இரண்டடி அகலத் துண்டுகளாக, தூக்குவதற்குக் கொக்கி வைத்து வார்த்தோம். ஒவ்வொன்றும் 200 கிலோ அளவு கனம், கடப்பாரையோடு நான்கு பேர் வேண்டும். தூக்கத்தான் வேண்டும். தூக்கவே முடியாதபடி மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிற வீடுகளையும் பார்க்கிறோம். மூடியின் கனத்தையும் கம்பியையும் இஞ்சினியரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். காருக்கென்று போட்ட மூடியில் மணல் லாரியோ தண்ணீர் லாரியோ ஏறினால் உடைந்துவிடும்.

ராம்ப் தாரின் மேல் ஒரு அடி ஏறி வழுவழுவென்று இருக்கும் வீடுகள் நம்மூரில் நிறைய. மழைத் தண்ணீர் தார் விளிம்பில் ஓடி அந்த மேட்டில் முட்டி நடு ரோட்டுக்கு வரும், பைக்கில் வருபவர் அதைத் தவிர்க்க வளைவார். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது நன்மை என்று மக்தபிலேயே படித்தவர்கள் நாம். அதே ஊரில் இடைஞ்சலைச் சிமெண்ட் போட்டுக் கட்டி வைக்கிறோம். சரிவு தேவையானால் அது நம் எல்லைக்குள் இருக்கட்டும். வெளியே உள்ள துண்டு, நடப்பவர்கள் போகும் மட்டத்திலேயே இருக்கட்டும். பத்தடிக்கு ஓரடி என்ற அளவுக்கு மேல் சரிவு செங்குத்தானால் காரின் அடிப்பாகம் தட்டும், மூக்கு வானத்தைப் பார்க்கும், டிரைவருக்கு நடப்பவர் தெரிய மாட்டார். பள்ளிக்கூடம் விடும் நேரமும் மக்தப் விடும் நேரமும் அந்தத் துண்டில் பிள்ளைகள்தான் வரிசையாக வருகிறார்கள். காரின் போனட்டை விடக் குள்ளமான பிள்ளைகள்.

ரோடு நம்மைவிட உயரமாகிக்கொண்டே போவது தனிக் கவலை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்தில் விழுந்ததால், பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு உத்தரவிட்டது. கேட் வைக்கும் வாயில் திறந்த வாய் என்பதால் ரோட்டுத் தண்ணீர் முதலில் அங்கேதான் உள்ளே பாயும். எல்லைக் கோட்டில் ஒரு சிறு மேடு வைத்து அதன் பிறகு உள்ளே இறக்குவதும், கேட்டின் குறுக்கே கம்பிச் சட்டம் போட்ட ஒரு குறுகலான கால்வாய் வைப்பதும் பயன் தருகின்றன.

மின்கம்பம் வாயிலில் நின்றால் மின்வாரியத்துக்கு விண்ணப்பித்து, செலவை நாமே கட்டி மாற்ற வேண்டும். ரோட்டு மரத்தை நாமாக வெட்டக் கூடாது, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். எங்கள் வாயிலைக் கம்பத்திலிருந்து ஆறடி நகர்த்தியதில் அந்தச் செலவு மிஞ்சியது.

ரோடு அகலப்படுத்தும் நாளையும் நினைத்துக் கட்டுங்கள். அரசு எடுக்கும் நம் நிலத்துக்கும் அதிலுள்ள கட்டடத்துக்கும்தான் இழப்பீடு. புறம்போக்கில் நாம் போட்ட ராம்ப், படி, தூண் எதற்கும் ஒரு பைசா வராது.

ஒரே வாயில், இரண்டு வீடு

சுவரைத் தணிக்கக் காக்காவிடம் கேட்கப் போனபோதுதான் இந்தப் பேச்சு வந்தது. அவருக்குக் கார் இல்லை, மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அதை இரவில் ரோட்டோரத்திலேயே நிறுத்துகிறார்கள், இரண்டு தடவை பேட்டரி திருடு போயிருக்கிறது. “எனக்கும் ஒரு நாள் இந்தப் பக்கம் வாசல் வேணும்தான் தம்பி” என்றார். அவர் தனியாக ஒன்று வைத்தால் முப்பதடி தூரத்தில் வடிகாலின் மேல் இரண்டு மூடல்கள், ரோட்டில் இரண்டு இடத்தில் வண்டி இறங்கும். ஆகவே இரு வீட்டுக்கும் பொதுவான எல்லைச் சுவரின் முனையில், இரண்டு பக்கமும் எட்டெட்டு அடி விட்டு, பதினாறடிக்கு ஒரே வாயிலாக வைத்தோம். ஐந்து மீட்டர் உள்ளே போனதும் அது இரண்டாகப் பிரிகிறது, இடப்பக்கம் எங்கள் கேட், வலப்பக்கம் அவர்கள் கேட். இருவர் சுவரும் தணிந்ததால் குடையைத் தெற்கே 85 மீட்டர் வரை பார்க்க முடிந்தது. வடக்கே 60தான், அங்கே ஒரு டீக்கடைக் கொட்டகை மறைக்கிறது. அந்தப் பக்கம் வலது திரும்புவதை விட்டுவிட்டோம், இடது போய் ரவுண்டானாவில் திரும்பி வருகிறோம்.

வாய்ப்பேச்சோடு விடவில்லை. நம்மூர் வழக்கில் வீடு பெண்பிள்ளைகளுக்குப் போகிறது. நாளை இந்த வீட்டில் எங்கள் மருமகன்களும் அந்த வீட்டில் அவர்கள் மருமகன்களும் இருப்பார்கள். எந்த எட்டடி யாருடையது, யார் வண்டி குறுக்கே நிற்கலாம், யார் விற்றால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எங்களைப் போல் பேசி முடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒருவர் நிலத்தின் மேல் மற்றவருக்கு வழிநடைப் பாத்தியம் என்று வக்கீலை வைத்து எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தோம். பொது இடத்தில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது, கடை போடக் கூடாது, வடிகால் மூடிகளைச் சுத்தம் செய்யும் செலவு பாதிப் பாதி என்ற மூன்று வரிகளும் அதில் இருக்கின்றன. மனையைப் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை செய்யப் போகிறவர்களும் வாயில் எந்தப் பங்கில் விழுகிறது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். வீட்டைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டு, கார் வழியை ஒரே பங்கில் விட்டதால் பேச்சு வார்த்தை நின்றுபோன சகோதரிகளை நம்மூரிலேயே அறிவோம்.

போன புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால், எட்டு மூடிகளையும் தூக்கினோம். காக்காவின் மகனும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மூன்று கூடை மண்ணும் ஒரு கூடை பிளாஸ்டிக்கும் வந்தன. கடைசி மூடிக்கு அடியில் எங்கள் பழைய ஆறங்குலக் குழாயின் ஒரு துண்டும் கிடந்தது. உடைத்த அன்று தண்ணீரோடு போனது. காக்கா அதைத் தட்டிக் கழுவி, தன் கொல்லையில் புதிதாக நட்டிருந்த முருங்கைக் கன்றுக்குத் தண்ணீர் விடச் சொருகிவைத்தார்.